பிரசன்ட் சார்

இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்த மருத்துவக் கல்லூரி வகுப்பில் பார்மலின் வாடை மாறவில்லை. ஒன்றுகூடலுக்கு வந்த பழைய மாணவர்கள் எல்லோரும் அவரவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் வரதன், அட்மிஷன் மதிப்பெண் வரிசை மாறாமல், பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டார். நரைத்த தலைகள் "பிரசன்ட் சார்" என்று சிரித்தன. இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் உட்காரும் கடைசி பெஞ்ச் வந்ததும், அந்த நாட்களில் செய்தது போலவே நிறுத்திக்கொண்டார். "மத்தவங்கல்லாம் வந்தாச்சுல்ல?" கைதட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். பதில் சொல்லத் தொண்டையைச் செருமி வைத்திருந்த கடைசி பெஞ்ச் மரிக்கொழுந்து மட்டும் எழவில்லை. பெஞ்சின் வழவழப்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். விளக்கை அணைக்கத் திரும்பிய பேராசிரியர் கேட்டார், "ஏம்மா, நீ போகலயா?"

"இன்னும் எங்க பேரைக் கூப்பிடல சார்."