நின்ற சூரியன்

“சூரியன் நின்னுச்சுன்னா நின்னுச்சுதான் செலின். சண்டை முடியுற வரைக்கும் யோசுவா நில்லுன்னாரு, நின்னுச்சு. எழுதி கீது, இரு காட்டுறேன்.”

சத்தியராஜ் கறுப்பு அட்டை பைபிளை மடியில் விரித்தார். முன்பக்கத்து அட்டவணையில் விரலை ஓட்டி யோசுவா புத்தகத்தைத் தேடினார்.

“உபாகமத்துக்கு அடுத்தது,” என்றாள் செலின், கண்ணைத் திறக்காமல்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டில் ரசம் சோறும் ஒரு அவித்த முட்டையும். ஆவடி தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் அவரே வைத்த சமையல்.

“பாரு, பத்தாம் அதிகாரம். சூரியன் நின்னுச்சு.”

“சூரியன் எங்கங்க ஓடுது, நிக்கிறதுக்கு? பூமிதான சுத்துது?”

“சரி, பூமி நின்னுச்சுன்னு வெச்சுக்கோ.”

“பூமி சட்டுன்னு நின்னா கடலு, மலை, மனுஷன் எல்லாத்தையும் தூக்கி வீசிடும். பஸ்ஸு பிரேக் போட்டா நீங்க முன்னாடி போய் விழுறதில்ல?” கேட்ட வேகத்தில் ஒரு வாய் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் அதைப் பார்க்காதது போல் பக்கத்தைப் புரட்டினார்.

ஸ்டெஃபி போன பிறகு இந்த வீட்டில் மாலைகள் இப்படித்தான் கழிந்தன. கல்லூரி விட்டு ஸ்கூட்டியில் வந்த ஒரே மகளை அம்பத்தூர் பக்கம் ஒரு தண்ணி லாரி இடித்துத் தள்ளிவிட்டது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து செலின் வாசலைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு ரேவதி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பைபிளைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பேசினாள். பேசினால் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

“சரி, அத வுடு. எக்காளம் ஊதினதும் எரிகோ ஊரு மதிலு விழுந்துச்சே? மண்ணத் தோண்டி அந்த மதிலையே கண்டுபுடிச்சுகீறாங்க. அது சரித்திரம்தான?”

“தோண்டினாங்க. அந்த மதில் யோசுவா காலத்துக்கு ரொம்ப முன்னாடியே இடிஞ்சு போச்சுன்னும் சொல்லிட்டாங்க. அவரு வந்தப்போ அங்க ஊரே இருந்திருக்காதாம். ஆளில்லாத ஊர எதுக்குங்க சுத்தி வந்து எக்காளம் ஊதணும்?”

“ஆராய்ச்சி பண்றவங்க இன்னிக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்வாங்க.”

“அவங்க தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிறாங்க. பிரசங்கம் பண்றவங்க ஒத்துக்கிறாங்களா?” முட்டையைப் பிட்டு வாயில் போட்டாள்.

சத்தியராஜுக்கு இடுப்பு வலித்தது. காலையிலிருந்து நின்றபடியே வேலை. பாயை விரித்துப் படுத்தால் போதும் என்றிருந்தது. வாதாட அவரிடம் சரக்கும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் தட்டில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.

“ரயில்ல வரும்போது போன்ல ஒரு பிரசங்கம் கேட்டேன். அதெல்லாம் பாட்டு மாதிரியாம். சரித்திரமா படிக்கக் கூடாதாம். ஜெயிச்ச சந்தோஷத்துல சூரியனே நின்னுச்சுன்னு பாடிகீறாங்க. அப்படிப் பாத்தா சயின்ஸும் சரி, இதுவும் சரி.”

“பாட்டுன்னா பாட்டுன்னு சொல்லணும். நெசமா நடந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு அவள் சட்டென்று நிறுத்தினாள். தட்டிலிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பேச்சு அறுந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் வந்தது. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைச் சொன்னார். “ஆண்டவரால ஆகாதது ஒண்ணும் இல்ல செலின்.”

செலின் நிமிர்ந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஒரு சண்டைக்காக சூரியனையே நிறுத்தினவரு... ஒரு தண்ணி லாரிய நிறுத்தக் கூடாதா?”

பணிமனைக்குப் போகும் மின்சார ரயில் ஒன்று மெதுவாகக் கடந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின.

சத்தியராஜ் கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைத்தார். பிறகு அதே நுனியால் கண்களையும் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியல.”

“தெரியாம எதுக்கு தினமும் இதத் தூக்கினு வந்து என் எதிர்ல உக்கார்றீங்க?” அவள் குரல் உடைந்தது. “எதுக்குங்க என்னை இந்தப் பாடு படுத்துறீங்க?”

அவர் பைபிளை மூடினார். தன் மடியிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தார். எழுந்து போகவும் தெம்பில்லாமல் அவள் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டார்.

“நம்பாதவன் நானு, நம்புறவ நீ... இத்தினி வருஷமா இந்த மாதிரி கேள்விய நான் கேட்டா நீ இன்னா பதில் சொல்லுவியோ, அத இப்போ எனக்குச் சொல்லு செலின்.”