மண் விழுந்த வருடம்

கையடக்கக் கருவியைக் குத்துச்செடியின் தண்டில் வைத்தால் போதும், வெட்டாமலே உள்ளிருக்கும் ஆண்டு வளையங்கள் திரையில் தெரியும். நீலகிரியின் உச்சிகளில் பழைய மண்சரிவுகள் எந்த வருடம் நடந்தன என்று கண்டுபிடிப்பது தவமணியின் வேலை.

அன்று வடக்குச் சரிவின் முறை. அவள் கணவன் குணசீலன் அங்கேதான் புதைந்து கிடக்கிறான் என்று ஊரே நம்பியது. பல வருடங்களுக்கு முன் ஓர் அடைமழையில் மலையேறியவன் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் சரிந்து கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

மண்ணில் சாய்ந்தும் பிழைத்திருந்த ஒரு செடியில் கருவியை வைத்தாள். மண் மோதிய காயம் ஒரு வளையத்தில் கறுப்பாகத் தெரிந்தது. அவன் காணாமல் போனதற்கு முந்தைய வருடத்து வளையம் அது. பக்கத்துச் செடிகளும் அதையே காட்டின.

"அக்கா, அண்ணன் போறதுக்கு முன்னாடியே மண்ணு விழுந்துடுச்சா?" என்றாள் உடன் வேலை செய்யும் சுகந்தி.

"ஆமா."

"அப்போ அவரு..."

"இங்க இல்ல. எங்கயோ போயிட்டாரு. நீ வருஷத்தப் பதிஞ்சுக்க."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மிச்சமிருந்த செடிகளையும் பார்த்து முடித்தாள்.

மாலையில் வழக்கம்போல ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா படத்துக்குப் போட மகள் மித்ரா கை நீட்டினாள். தவமணி கொடுக்கவில்லை. கண்ணாடி முன் நின்று, பல வருடங்களுக்குப் பிறகு, பூவைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா?" என்றாள் மித்ரா.

"சோத்தை எடுத்து வை. பசிக்குது" என்றாள் தவமணி.