யார் வீட்டு ரத்தம்

மூன்றாவது கருவும் கலைந்த பிறகுதான் செண்பகாவுக்கும் அவள் புருஷன் சுடலைமணிக்கும் டாக்டர் குரோமோசோம் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். முடிவு வாங்கப் போன அன்று மாமியார் இசக்கியம்மாளும் கூடவே கிளம்பினாள். “இவ வீட்டு ரத்தத்துலதான் கோளாறு” என்று நாலு வருஷமாகச் சொல்லி வந்ததை டாக்டர் வாயாலேயே கேட்க வேண்டும் அவளுக்கு.

“உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா” என்று செண்பகாவிடம் சொன்ன டாக்டர், சுடலைமணியிடம் திரும்பினார். “உங்க குரோமோசோம்ல ரெண்டு துண்டு இடம் மாறியிருக்கு. உங்களுக்கு அதனால ஒண்ணுமில்ல, கருவுக்குத்தான் ஆபத்து. பெத்தவங்க வழியா வந்திருக்கலாம். வீட்டுல யாருக்காவது கலைஞ்சிருக்கா?”

“இல்ல சார்” என்றான் அவன்.

இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கு நாலு” என்றாள். “இவனுக்கு முன்னாடி.”

செண்பகா அவளையே பார்த்தாள். இத்தனையும் பட்டவளா, ஒவ்வொரு தடவையும் ரத்தம் நிற்கும் முன்பே தன்னை ஏசினாள்?

திரும்பும்போது ஆட்டோவில் இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “ஊர்ல கேட்டா உனக்குத்தான்னு சொல்லிருவோம் தாயி. அவன் ஆம்பள, தல நிமிந்து நடக்கணும்லா.”

சுடலைமணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செண்பகா கையை உருவிக்கொண்டாள். “அண்ணே, ஆட்டோவ நிறுத்துங்க” என்றாள்.