கட்டைவிரல்

குஞ்சுபொரிப்பகத்தில் அலகு கோணிய குஞ்சுகளைப் பொறுக்கி, சாகடிக்கும் டிரம்முக்குள் போடுவது பாவாயியின் வேலை. நேற்று ஒன்றை மட்டும் சோற்றுத் தூக்கில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்தக் குஞ்சால் கொத்தித் தின்ன முடியாதென்று மருந்துக் குழலால் கஞ்சி ஊட்டினாள். கஞ்சி இறங்கவில்லை. கழுத்தடித் தீனிப்பை பந்துபோல் உப்பிவிட்டது. பின்புறம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தது. காலையில் அதை வெந்நீரில் துடைத்துவிட்டு, தீனிப்பையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“வெளிக்கிப் போயிரு சாமி.”

“அது பொழைக்காது. வெச்சுட்டுக் கெளம்பு புள்ள, வண்டி வந்துருச்சு,” என்றான் புருஷன்.

உள்ளங்கையில் சூடாக எச்சம் வழிந்தது. குஞ்சை அட்டைப்பெட்டியில் விட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி ஓடினாள்.

பொரிப்பகத்தில் முதல் தட்டிலேயே ஒரு கோணல் அலகு. டிரம்முக்கு மேல் அதைப் பிடித்தாள். கை திறக்கவில்லை, கட்டைவிரல் தன்பாட்டுக்கு அதன் கழுத்தடியை நீவிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.