பத்து அடுக்கு ஃபோல்டர்

ரத்த வங்கியின் கணினி மூன்றாம் முறையாகக் ‘கோப்பு இல்லை’ என்கிறது. கோப்பு இருக்கிறது. மேலாளர் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பத்து அடுக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் முழ நீளப் பெயர் சூட்டியதில், அவ்வளவு நீளப் பாதையைப் படிக்க முடியாமல் அது கையை விரிக்கிறது. கணினி முன் உட்கார்ந்திருக்கும் புரோகிராமரைப் பார்த்து நர்ஸ் கண்ணாடித் தடுப்பைத் தட்டுகிறாள். “அக்கா, ஆபரேஷன் டேபிள்ல ஆள் இருக்கு. ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட் எங்க?”

“இந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பதினோரு வருஷமா புகார் பண்றோம். ‘அது அப்படித்தான்’னு பதில் போடறானுங்க!” புரோகிராமர் பல்லைக் கடித்தபடி அந்தப் பாதை முழுவதற்கும் ஒற்றை எழுத்தைச் சுருக்குப் பெயராக வைக்கிறாள். பட்டியல் திறக்கிறது. நர்ஸ் போன் எண்களைக் குறித்துக்கொண்டு ஓடுகிறாள்.

“இனிமே குழப்பமே வராதும்மா” என்று பின்னால் நின்றிருந்த மேலாளர் மௌஸை வாங்கி, அந்தப் பத்துக்கும் உள்ளே புதிதாகப் பதினோராவது ஃபோல்டரை உருவாக்கி, ஒரு விரலால் பெயர் தட்டுகிறார்: ‘இன்று காலை சரிசெய்யப்பட்ட மிகமிகக் கடைசிப் பட்டியல் யாரும் தொடக்கூடாது’.