ஒரு கையால் திறக்கிற கத்தி

“இதவிடப் பெருசு இல்லயா? விரிச்சா நல்லா நீளமா இருக்கணும். மடக்கினா சிலுவார் பாக்கெட்டுக்குள்ள போயிடணும். தினமும் வச்சுக்கிட்டுப் போறதுக்கு.”

கோலசிலாங்கூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சேது, நான்காவது மடக்குக் கத்தியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தான். கேட்டவன் பெயர் கணேஸ்வரன். சபாக் பக்கத்துத் தோட்டத்து ஆள். உள்ளே வந்ததிலிருந்து எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தான். ஒரு வாரத் தாடி, சிவந்த கண்கள், வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. கேட்பதோ கத்தி.

“எதுக்குண்ணே? செம்பனைக் குலை வெட்டுறதுக்குன்னா இது சரிப்படாது. வெட்டுக்கத்தி பாக்குறீங்களா?”

“செம்பனைக்குன்னு நான் சொன்னேனா? கேட்டத எடுத்துக் காட்டு லா!”

கணேஸ்வரன் கத்தியை இடது கையில் எடுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலால் நெம்பினான். பாதியில் மாட்டிக்கொண்டது. அதைப் பெட்டி மேலேயே தூக்கிப் போட்டான்.

“என்னா கத்தி இது? தெறக்க ரெண்டு கையும் வேணும்னா நான் எங்க போறது? ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இருப்பேன், இன்னொரு கையாலதான் அறுக்கணும். கண்ணும் தெரியாது. ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிரும்.”

“யாரப் பிடிச்சுக்கிட்டு?” சேது தன்னை மீறிக் கேட்டுவிட்டான்.

கணேஸ்வரன் முறைத்தான்.

“இதப் பாருங்கண்ணே, இத்தன பெரிய கத்திய பாக்கெட்டுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சா ரோட் பிளாக்ல போலீஸ் சும்மா விடமாட்டான். உள்ள தள்ளிடுவான்.”

“தள்ளட்டும். தள்ள வேண்டியவன எங்க தள்ளுனாங்க?”

“அப்படி யாரு மேலண்ணே கோவம்?”

“ஒரு முட்டாப்பய மேல. ஒரு உசிர அநியாயமா கொன்னுட்டு நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருக்கான். சாப்பிடுறான், தூங்குறான். நாசமாப் போறவன்!”

சேது வாசலைப் பார்த்தான். அங்கே நின்ற காரின் பின் சீட்டில் ஆறேழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் கொட்டாமல் கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது.

“உங்க புள்ளயா? அது மொகத்தப் பாருங்கண்ணே. ஆத்திரத்துல ஏதாவது செஞ்சுட்டு நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா அதுக்கு யாரு இருக்கா?”

“அதுக்காகத்தான் வாங்க வந்தேன். உம் புத்திமதியக் கேக்க வரல.”

என்ன ஆனாலும் இன்றைக்கு இவனுக்கு விற்கக் கூடாது என்று சேது முடிவு செய்தான். ஓர் இரவு தூங்கி எழுந்தால் கொலைவெறி கொஞ்சம் அடங்கும். நல்ல வேளையாக ஒரு சாக்கு அகப்பட்டது.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. இன்னிக்கு சனிக்கிழமை. சனிக்கிழமை இரும்பு வாங்குனா வீட்டுக்கு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு வாங்க. நல்லதா ஒண்ணு எடுத்து வைக்கிறேன்.”

அவ்வளவுதான். கணேஸ்வரன் கண்ணாடிப் பெட்டி மேல் ஓங்கி அறைந்தான். கத்திகள் நான்கும் துள்ளி விழுந்தன.

“மூடுடா வாய! சனிக்கிழமையாம், பெரிய சனிக்கிழமை! இன்னிக்குத்தான் வாங்குவேன். இதே சனிக்கிழமைதான் வாங்குவேன். நீ குடுக்காட்டி பெட்டிய ஒடச்சு எடுத்துக்கிட்டுப் போவேன்!”

சேது போலீசைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டான். அதற்குள் சத்தம் கேட்டு அவன் மனைவி சந்திரிகா பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். கணேஸ்வரனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அட, நீங்களாண்ணே! போன சனிக்கிழமை இவரு சரக்கு எடுக்க கே.எல். போயிருந்தாரு, நான்தான் கடையில இருந்தேன். நாளைக்கு வர்றோம்னு சொல்லிட்டுப் போனீங்க, ஒரு வாரமா ஆளையே காணோம்!”

மேசை டிராயரை இழுத்து, கறுப்புப் பிடி போட்ட பெரிய மடக்குக் கத்தி ஒன்றை வெளியே எடுத்தாள். அதில் ‘புனிதவதி’ என்று பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

“அக்கா ஆசப்பட்டு எடுத்தாங்களேன்னு யாருக்கும் விக்காம வச்சிருக்கேன். ஒரு கையால சட்டுனு தெறக்கும். எங்க, அக்கா வரலியா?”

கணேஸ்வரனின் கை தானாகக் கீழே இறங்கியது. அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பி வந்தன.

“எப்பவும் பாக்கெட்டுல வச்சுக்குங்க, காரு ஓட்டுறவங்களுக்கு அவசரத்துக்கு ஆகும்னு கெஞ்சுனா. சனிக்கிழமை இரும்பு வேணாம்னு அவ கையிலேருந்து பிடுங்கி வச்ச முட்டாப்பய நான்தாம்மா. வீட்டுக்குப் போற வழியிலயே காரு வாய்க்கால்ல விழுந்துருச்சு. புள்ளய வெளிய எடுத்துட்டேன். தண்ணிக்குள்ள அவ தலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால இழுத்து இழுத்துப் பாத்தேன். சீட் பெல்ட்டு அவுழல.”

வெளியே நின்ற இரவல் காரைக் கையை நீட்டிக் காட்டினான்.

“அப்பா பாக்கெட்டுல கத்தி இருந்தாத்தான் பெல்ட்டு போடுவேன்னு அங்க உக்காந்திருக்கும்மா எம் புள்ள.”