துரத்தி வருகிறவனின் பக்கம்

எருசலேமில் எங்கள் படிப்புக்கூடத்தில் காலை பத்து மணிக்கு இரண்டிரண்டு மாணவர்களாக நாற்பது ஜோடிகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். படிப்பதென்றால் இங்கே கத்துவதுதான். சன்னல் வெயில் விழும் மேசையில் எல்கானாவும் நக்சோனும் யூதச் சட்ட நூலான தல்மூதை விரித்து, கொல்லத் துரத்தி வருகிறவனை எப்போது கொல்லலாம் என்று வாதாடுகிறார்கள். "தடுக்க வேற வழியே இல்லன்னாதான்டா," என்கிறான் நக்சோன். "பட்டாளத்துல இருக்கற உன் தம்பி சோதனைச்சாவடியில ஒருத்தன சுட்டானே, அவன் துரத்திக்கிட்டா வந்தான்? ஓடிக்கிட்டிருந்தான். குண்டு முதுகுல." எல்கானாவின் முஷ்டி அவன் வாயில் இறங்குகிறது. காப்பிக் கோப்பை உருண்டு உடைகிறது. யாரும் திரும்பவில்லை. நக்சோன் அவன் சட்டையைப் பற்றிச் சுவரில் மோதுகிறான். மேசை இடிபட்டுப் புத்தகம் தரையில் விழுகிறது. கூடம் சட்டென்று அடங்குகிறது. இருவருமே குனிகிறார்கள். புனித நூல் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடவேண்டும்; நக்சோன் எடுத்து முத்தமிடுகிறான். கிழிந்த உதட்டின் ரத்தம் அட்டையில் படிகிறது. எல்கானா அதை வாங்கிச் சட்டைக்கையால் துடைத்து, ஈரம் காயாத அதே இடத்தில் தானும் முத்தமிட்டு, மேசையின் நடுவில் பத்திரமாக மூடி வைக்கிறான். கூடம் மறுபடி கத்தத் தொடங்குகிறது. அவன் நக்சோனின் கழுத்தைப் பிடிக்கிறான். "இப்ப சொல்லு. முதுகுலன்னு இன்னொரு தடவ சொல்லு."